பேரிடர் காலத்துக்கு ஒரு சின்ன 4x4: தேர்வு முதல் டயர்க் காற்று வரை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஊர்கள் நாலு பக்கமும் தண்ணீரால் சூழப்பட்டன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் ரயிலிலேயே தவித்தார்கள். அதற்குப் பிறகு, "ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கி வைக்கலாமா?" என்று என்னிடம் விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். 4x4 என்றும் சொல்லப்படும் இந்த வண்டியில் என்ஜின் நான்கு சக்கரங்களையும் இழுக்கவைக்கும். அவர்களுக்காகவும், இந்த வகை வண்டியையே தொட்டிராத மற்ற புதியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இந்த வண்டியால் இரண்டு வேலைகள் ஆகும். எச்சரிக்கை வந்தவுடன், நல்ல சாலை அடைபட்டிருந்தாலும் வேறு மோசமான பாதை வழியாகக் குடும்பத்தை வெளியேற்றலாம். தண்ணீர் வடிந்ததும், சேறும் மணலும் சாய்ந்த மரமும் கிடக்கிற பாதையில் மருந்தும் குடிநீரும் கொண்டுவரலாம். இரண்டுக்கும் நடுவே, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிற நேரம் படகுக்கும் டிராக்டருக்கும் உரியது. அந்த நேரத்தில் சின்ன வண்டியை இறக்கக் கூடாது. இதை மனதில் உறுதியாக வைத்துக்கொண்டால், எந்த வண்டி, என்ன மாற்றம் என்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

1. முதலில் உங்கள் ஊரைப் பாருங்கள்

வண்டி ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து மேடான, பாதுகாப்பான இடத்துக்குப் போகிற மூன்று வழிகளை எழுதுங்கள். ஒவ்வொரு வழியிலும் எத்தனை தரைப்பாலம், எத்தனை ரயில்வே சுரங்கப்பாதை, எந்தக் கண்மாயின் கரையை ஒட்டிச் சாலை போகிறது என்று குறியுங்கள். மழைக்காலத்தில் முதலில் துண்டிக்கப்படுவது தரைப்பாலம். வண்டியோடு ஆட்கள் மாட்டிக்கொள்வது சுரங்கப்பாதையில். இவை இரண்டும் இல்லாத வழி ஒன்றாவது கிடைத்தால் அதுதான் உங்கள் வழி, பத்து கிலோமீட்டர் சுற்றாக இருந்தாலும் சரி.

ஊருக்கு ஊர் ஆபத்து வேறு. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் பாதையை அடைத்தவை தென்னை மரங்களும் மின்கம்பங்களும். அங்கே ரம்பமும் அரிவாளும்தான் முதல் தேவை. நீலகிரியில், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தபோது, மண்சரிவுதான் பயம். அங்கே செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக ஏறி இறங்கும் திறன் வேண்டும். சென்னைப் பக்கம் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற இடங்களில் தண்ணீர் தேங்கி நிற்பதுதான் பிரச்சினை. அப்படிப்பட்ட இடத்தில் குடியிருப்பவருக்கு நான் உண்மையாகச் சொல்வது: உங்களுக்கு 4x4 தேவையே இல்லாமல் இருக்கலாம். முந்தைய நாளே சாதாரணக் காரில் கிளம்பிப் போவது, பல லட்சம் கொடுத்து வாங்கும் வண்டியைவிட நல்ல பாதுகாப்பு.

ஆனால் மண்பாதை வழியாகத்தான் வெளியே வர முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள், மலைச்சரிவில் தோட்டத்தில் வசிப்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பா அம்மா வீட்டில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த வண்டி நிஜமாகவே உயிர்காக்கும் பொருள்.

2. எந்த வண்டி?

விளம்பரத்தில் எஸ்யூவி என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கிற வண்டிகள். தோற்றத்தை நம்ப வேண்டாம். ஆல் வீல் டிரைவ் என்று சொல்லப்படுகிற சில வண்டிகளில் நான்கு சக்கரங்களும் இழுக்கும், ஆனால் தாழ்வேக கியர் இருக்காது. நமக்கு வேண்டியது, என்ஜினின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அதில் 4எல் என்ற தாழ்வேக நிலையும் உள்ள வண்டி. 4எல் போட்டால் வேகம் குறையும், இழுவை பெருகும். ஜிம்னியில் இந்த விகிதம் ஏறத்தாழ 2 மடங்கு. சேற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் நிதானமாக ஊர்ந்து வருவதற்கு இதுதான் உதவுகிறது.

இந்தியாவில் சின்ன அளவில் இந்தத் தகுதியோடு கிடைப்பவை கொஞ்சம்தான்.

மாருதி சுசூகி ஜிம்னி 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது. எடை ஏறத்தாழ 1,200 கிலோ, தரை இடைவெளி 210 மி.மீ., 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 40 லிட்டர் டேங்க். எந்த வேரியன்ட் எடுத்தாலும் ஃபோர் வீல் டிரைவ் உண்டு என்பது புதியவர்களுக்குப் பெரிய நிம்மதி. மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். குறை என்று பார்த்தால் பின்னால் சாமான் வைக்கும் இடம் குறைவு. சாமான் இடத்துக்காகப் பின் சீட்டை மடக்கினால் ஆள் உட்கார முடியாது.

மஹிந்திரா தார் இதைவிடக் கனமானது, அகலமானது, டீசலிலும் கிடைக்கும். வண்டி கடக்கலாம் என்று நிறுவனம் சொல்லும் நீர் ஆழம் 650 மி.மீ. ஆனால் தாரில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வகையும் விற்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது, உள்ளே டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவர் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஃபோர்ஸ் கூர்க்கா இன்னும் ஒரு படி மேலே: 700 மி.மீ. நீர் ஆழம், ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினாலும் மறுபக்கத்தையும் சேர்த்துச் சுழற்றும் டிஃபரன்ஷியல் லாக் முன்னும் பின்னும், என்ஜின் காற்று இழுக்கும் வாயை உயர்த்தும் ஸ்நார்கல் குழாய் தொழிற்சாலையிலேயே பொருத்தியது. மலைத்தோட்டத்துக்கு அருமையான வண்டி. ஆனால் தென்னந்தோப்புக்கு நடுவே போகும் குறுகலான வண்டிப்பாதையிலும், ஊர்ச் சந்துகளிலும் சின்ன வண்டி நுழைகிற இடத்தில் இவை நுழையாது.

அப்புறம் ஜிப்ஸி. 1985 முதல் 2019 வரை விற்ற வண்டி, ஏறத்தாழ ஒரு டன் எடை, எலக்ட்ரானிக்ஸ் மிகக் குறைவு. பிற்கால ஜிப்ஸியின் 1.3 லிட்டர் என்ஜின் எஸ்டீம் காரின் என்ஜினோடு ஒரே குடும்பம் என்பதால், பழகிய மெக்கானிக்குகள் இன்னமும் இருக்கிறார்கள். ஏசி கிடையாது, பட்டை ஸ்பிரிங் குலுக்கி எடுக்கும், பின்னால் எதிரெதிர் பெஞ்சில் வயதானவர்களை உட்காரவைத்து நூறு கிலோமீட்டர் போவது கொடுமை. பட்ஜெட் குறைவு, மெக்கானிக் வேலையில் ஆர்வம் உண்டு என்றால் மட்டும் இதை யோசியுங்கள்.

3. பழைய வண்டி என்றால் படுத்துப் பாருங்கள்

பெயின்ட் எத்தனை பளபளப்பாக இருந்தாலும், சாக்கு ஒன்றை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். சேசிஸில் பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், ஃப்ளோர், விண்ட்ஷீல்டின் கீழ் விளிம்பு ஆகிய மூன்றிலும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். துரு உள்ளே தின்றிருந்தால் பொத்துக்கொண்டு போகும். கடற்கரை மாவட்ட வண்டி என்றால் இன்னும் கவனம். சேசிஸில் வெல்டு வைத்து ஒட்டிய வண்டியை, விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள்.

அடுத்து, மண்தரையில் ஓட்டிப் பாருங்கள். 4எச் (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை), 4எல் இரண்டும் சரியாக விழுகிறதா? ஜிம்னியில் முன் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை ஆக்சிலோடு பூட்டுவது, காற்றை உறிஞ்சி வேலை செய்யும் வாக்குவம் குழாய்கள். குழாய் கிழிந்திருந்தால் டேஷ்போர்டில் 4x4 விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், முன் சக்கரம் இழுக்காது. ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கிங்பின் பேரிங் அல்லது வீல் பேரிங் போயிருக்கிறது. முன்னாலும் திடமான ஒற்றை ஆக்சில் உள்ள வண்டிகளில் இந்தத் தேய்மானம்தான் பிற்பாடு ஸ்டீயரிங் கிடுகிடுவென உதறுவதற்குக் காரணமாகிறது.

காகித விஷயத்தில், 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்க வேண்டும். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி என்று சொன்னால், ஏலக் காகிதமும் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவானதற்கான சான்றும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

4. எடைக் கணக்கு: எல்லாவற்றையும்விட முக்கியமானது

புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சின்ன வண்டி சேற்றிலும் மணலிலும் நன்றாகப் போவதற்குக் காரணம் அது இலேசாக இருப்பது. இரண்டு டன் வண்டி அமுங்குகிற இடத்தில் 1,200 கிலோ வண்டி மேலேயே ஓடிவிடும். மாட்டிக்கொண்டாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். நீங்கள் ஆசையாக மாட்டுகிற ஒவ்வொரு இரும்புத் துண்டும் இந்தப் பலத்தைத்தான் தின்கிறது.

ஜிம்னியை எடுத்துக்கொள்வோம். ஆளும் சரக்கும் சேர்த்து அதற்கு அனுமதித்த மொத்த எடை ஏறத்தாழ 1,545 கிலோ. வண்டியின் எடை 1,200 போக மிச்சம் 345 கிலோ. நான்கு பெரியவர்கள், ஆளுக்கு 65 கிலோ என்றால் 260. மிச்சம் 85 கிலோ. இதற்குள் குடிநீர் ஒரு 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. கருவிகள், கயிறு, கம்ப்ரசர் எல்லாம் சேர்த்து 25 கிலோ. துணி, மருந்து, சாப்பாடு ஒரு 25 கிலோ. அவ்வளவுதான், கைவசம் 15 கிலோ இருக்கிறது. முன்னால் இரும்பு பம்பர் மாட்டினால் 40 கிலோவுக்கு மேல் ஏறும். மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார் கருவியான வின்ச் ஒன்று 25 கிலோ. கூரையில் கேரியர் இன்னொரு 25 கிலோ. இந்த மூன்றையும் மாட்டிய வண்டியில் நீங்கள் அம்மாவை ஏற்றுவதா, தண்ணீர்க் கேனை ஏற்றுவதா என்று யோசிக்க வேண்டிவரும்.

கூரையில் ஏற்றும் எடை இரட்டைக் கேடு. சின்ன வண்டிகள் அகலம் குறைந்தவை, உயரமானவை. தலையில் பாரம் ஏறினால் வளைவிலும் சரிவிலும் கவிழும் வாய்ப்பு கூடும். தண்ணீர், கருவி போன்ற கனமான சாமான்களைத் தரையில், முன் சீட்டுக்குப் பின்னால் வையுங்கள். தலையணை, படுக்கை மாதிரி இலேசானவை மேலே போகலாம்.

உங்கள் வண்டியின் அனுமதித்த எடை எவ்வளவு என்று கையேட்டிலும் ஆர்.சி.யிலும் பாருங்கள். பழைய பேப்பர் கடையிலோ ரேஷன் கடையிலோ கேட்டு, உங்கள் அவசரப் பைகளை ஒருமுறை தராசில் வைத்து எடைபோட்டு எழுதிவையுங்கள். பை ஒவ்வொன்றும் நீங்கள் நினைத்ததைவிடக் கனமாகத்தான் இருக்கும்.

5. செய்ய வேண்டிய மாற்றங்கள்

பட்டியல் சின்னது. முதல் இடம் டயருக்கு. கையில் இருக்கும் பணத்தில் பாதியை இங்கேயே செலவிடலாம்.

ஏ.டி. என்று அழைக்கப்படும் ஆல் டெரெய்ன் டயர், தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவானது. தொழிற்சாலை கொடுத்த அதே அளவிலேயே வாங்குங்கள். பெரிய டயர் மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கியரின் இழுவை குறையும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும். எம்.டி. எனப்படும், பெரிய ரப்பர் கட்டைகள் கொண்ட முரட்டு டயர் வேண்டாம். அது ஈரமான தார்ச்சாலையில் வழுக்கும். உங்கள் அவசரப் பயணத்தில் முக்கால்வாசி மழையில் நனைந்த தார்ச்சாலைதான்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரித்தது. ஆறு வருடம் தாண்டிய டயரைக் கட்டை தேயாவிட்டாலும் நான் நம்ப மாட்டேன். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள். வண்டி வாங்கிய நாளிலிருந்து தொடாமல் தொங்கும் ஸ்டெப்னியில் காற்று இருக்காது.

டயரோடு சேர்ந்தது காற்று. மணலிலும் சேற்றிலும் இறங்கும்போது காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்தால் டயர் பரந்து பதியும், அமுங்காது. திரும்பத் தார்ச்சாலைக்கு ஏறியதும் கதவோரம் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் அளவுக்கு நிரப்பிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கலாம். இதற்கு ஒரு நல்ல பிரஷர் கேஜும் 12 வோல்ட் கம்ப்ரசரும் வேண்டும். கம்ப்ரசரில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுவதைவிட, நேரே பேட்டரியில் கிளிப் மாட்டும் வகை நல்லது. இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு பலன் தருகிற மாற்றம் வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது, வண்டியை இழுக்கும் கொக்கிகள். முன்னும் பின்னும் சேசிஸோடு சேர்ந்த இழுவைக் கொக்கி எங்கே இருக்கிறது என்று கையேட்டைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிறு கட்டி, சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கவே கூடாது. அது முறிந்தால் குண்டு மாதிரிப் பறந்து வந்து ஆளைக் கொல்லும். இழுக்கும்போது கயிற்றின் நடுவே கனமான சாக்கு அல்லது கம்பளியைப் போடுங்கள், சுற்றி நிற்பவர்களைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் அனுப்புங்கள்.

மூன்றாவது யாரும் பேசாத சின்ன வேலை: பிரீதர் குழாய். ஆக்சிலின் நடுவே இருந்து இரு பக்கச் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ் ஒவ்வொன்றுக்கும் காற்று போக வர ஒரு சின்ன வாய் இருக்கிறது. ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது வாய் தண்ணீருக்கு அடியில் இருந்தால், ஹவுசிங் தண்ணீரை உறிஞ்சிவிடும். அந்த வாயிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸை என்ஜின் அறையின் உச்சி வரை கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். தெரிந்த மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலை.

என் பட்டியலில் மாற்றங்கள் இத்துடன் சரி.

ஸ்நார்கல் பற்றிக் கேட்பீர்கள். அது என்ஜின் காற்று இழுக்கும் வாயை மட்டும்தான் உயர்த்துகிறது. ஆல்டர்னேட்டர், வயரிங், கதவின் ரப்பர், வண்டி மிதக்கும் குணம் எதையும் அது மாற்றுவதில்லை. ஓட்டுபவருக்கு இல்லாத தைரியத்தைக் கொடுப்பதால் புதியவர்களுக்கு வேண்டாம் என்கிறேன். லிஃப்ட் கிட் போட்டு வண்டியை உயர்த்துவதும் அப்படித்தான். முன் ஆக்சிலின் கோணம் மாறி ஸ்டீயரிங் உதறத் தொடங்கும், அதைச் சரிசெய்ய இன்னும் நாலு பாகம் மாற்ற வேண்டிவரும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். முன்னால் மாட்டும் புல் பார் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. எதிரே வருபவருக்கும் ஆபத்து, உங்கள் ஏர்பேக் வேலை செய்வதும் கெடும்.

6. தண்ணீர்: எங்கே நிற்பது

ஜிம்னியின் நீளமும் அகலமும் பெருக்கினால் 6.5 சதுர மீட்டர். தண்ணீர் உள்ளே புகாத நிலையில், அடித்தளத்துக்கு மேல் 10 சென்டிமீட்டர் ஏறினாலே ஏறத்தாழ 650 கிலோ மேல்நோக்கித் தூக்கும். 20 சென்டிமீட்டர் என்றால் 1,300 கிலோ, அதாவது வண்டியின் முழு எடையும். ஆக, கதவின் அடி விளிம்புக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் ஏறினால் வண்டி மிதக்கத் தொடங்கும். அதற்கும் முன்னாலேயே டயரின் பிடி போய்விடும். சேற்றில் நமக்கு உதவிய அதே எடைக்குறைவு தண்ணீரில் எதிரியாகிறது. நான்கு சக்கரமும் இழுத்தாலும், தரையைத் தொடாத சக்கரத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதனால் புதியவர்களுக்கு என் விதி: நிற்கிற தண்ணீர் என்றால் சக்கரத்தின் நடு மையம் வரை, அதுவும் அடியில் சாலை இருப்பது தெரிந்த இடத்தில் மட்டும். ஓடுகிற தண்ணீர் என்றால் ஆழம் எதுவானாலும் திரும்பிவிடுங்கள். கலங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை அரித்துப் போயிருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. முன்னால் போன லாரி போய்விட்டது என்பது உங்களுக்குச் சான்று ஆகாது. லாரி உங்கள் வண்டியைவிடப் பத்து மடங்கு கனம்.

நின்ற தண்ணீரில் இறங்கினால் முதல் கியர், 4எல், நடை வேகம், நடுவில் நிறுத்தாமல், கிளட்ச் மிதிக்காமல். தெருவுக்குள் வேகமாகப் போனால் உங்கள் வண்டி கிளப்பும் அலை பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகும் என்பதையும் நினையுங்கள்.

வண்டி நடுவில் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸ் இந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதே சேர்த்துவிடுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தால் வண்டியைப் பற்றிக் கவலைப்படாமல் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, ஆட்கள் வெளியேறிவிட வேண்டும்.

7. வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை

மண்வெட்டி, அரிவாள், நல்ல கை ரம்பம். கஜாவுக்குப் பிறகு பாதை திறந்தது பெரும்பாலும் ஊர்க்காரர்கள் கையிலிருந்த இவற்றால்தான். இழுவைக் கயிறும், அதைக் கொக்கியோடு பூட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள் இரண்டும். ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒன்றரை அடி சதுரப் பலகை, ஏனென்றால் சேற்றில் ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்குப் பதிலாகத் தான் இறங்கிவிடும். டியூப்லெஸ் பங்க்சர் கிட், தலையில் மாட்டும் டார்ச், ரப்பர் பூட்ஸ், ஒரு தார்ப்பாய், ஜம்பர் கேபிள்.

வீட்டில் தயாராக வைக்கும் பை தனி. மருந்துச் சீட்டும் ஒரு வாரத்துக்கான மருந்தும், ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் நகல்கள் ஜிப் கவரில், சில்லறை நோட்டாக ரொக்கம். மின்சாரமும் டவரும் போன ஊரில் ஜி பேயும் டிஜிலாக்கரும் திறக்காது. இன்சுலின் போடுகிறவர் வீட்டில் இருந்தால் சின்ன ஐஸ் பெட்டி. குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டராவது.

வெளிநாட்டு வீடியோக்களில் சாட்டிலைட் மெசேஜர் கருவி வாங்கச் சொல்வார்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம், வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்.

8. எரிபொருள்

அக்டோபர் பிறந்தால் ஜனவரி வரை டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். ஜிம்னியில் பாதி டேங்க் என்றால் 20 லிட்டர். மோசமான பாதையில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான் என்று வைத்தாலும் 200 கிலோமீட்டர், தூத்துக்குடியிலிருந்து மதுரை தாண்டிவிடலாம். பெட்ரோலைக் கேனில் பிடித்து வீட்டிலோ வண்டிக்குள்ளோ வைப்பது வேண்டாம். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் ஆவி சேர்ந்தால் தீப்பிடிக்கலாம்.

வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீரில் மூழ்கிக் கிடந்த பங்க்கில் உடனே பெட்ரோல் போடாதீர்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நிலத்தடித் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியே பிரிந்துவிடும், அது உங்கள் டேங்குக்கு வந்தால் வண்டி நின்றுவிடும். ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் எரிபொருள் ரப்பர் குழாய்களைப் புதிதாக மாற்றிவிடுங்கள். அந்தக் கால ரப்பர் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டது அல்ல.

9. பழகுங்கள்

வாங்கி நிறுத்திவைத்த 4x4 பேரிடர் நாளில் உதவாது. மாதம் ஒருமுறையாவது மண்தரையில் 4எச், 4எல் போட்டு ஓட்டுங்கள். அப்போதுதான் உள்ளே எண்ணெய் பரவும், இறுகாது. காய்ந்த தார்ச்சாலையில் 4எச் போட்டு ஓட்டாதீர்கள். இந்த வகை வண்டிகளில் திரும்பும்போது முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். மண்ணில் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் முடியாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறி உடையலாம்.

தெரிந்தவரின் உழுத நிலத்தில், அவரிடம் கேட்டுவிட்டு, மழை பெய்த மறுநாள் இறக்கிப் பாருங்கள். காற்றைக் குறைத்து, 4எல்லில் இரண்டாம் கியரில், ஒரே சீராகப் போங்கள். சக்கரம் ஒரே இடத்தில் சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். மேலும் மிதித்தால் நீங்களே குழி தோண்டிக்கொள்கிறீர்கள். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வெட்டி, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுப்பதுதான் பெரும்பாலும் சுலபமான வழி.

கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் தனி விஷயம். நனைந்த கரிசல் டயரின் எல்லாக் கட்டைகளையும் அடைத்து, சக்கரத்தை வழவழப்பான உருளையாக்கிவிடும். எந்த டயர் போட்டாலும் வண்டி பக்கவாட்டில் போகும். அங்கே ஓட்டும் திறமையைவிடப் பொறுமை உதவும். வெயில் அடித்து மேல் மண் இறுகும் வரை காத்திருங்கள், முடியாவிட்டால் சரளைப் பாதை வழியாகச் சுற்றிப் போங்கள்.

வீட்டில் லைசென்ஸ் உள்ள எல்லோரும் இதைப் பழக வேண்டும். ஸ்டெப்னி மாற்றுவதையும் 4எல் போடுவதையும் வீட்டில் ஒருவர் மட்டுமே தெரிந்துவைத்திருந்தால், அவர் வெளியூரில் இருக்கும் நாளில் வண்டி வெறுமனே வாசலில் நிற்கும்.

10. தண்ணீரில் இறங்கி வந்த பிறகு

கரை ஏறியதும் பிரேக்கை மெதுவாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்துங்கள். ஜிம்னியிலும் ஜிப்ஸியிலும் பின்னால் டிரம் பிரேக். உள்ளே போன தண்ணீரும் வண்டலும் தானாக வெளியே வராது, வொர்க்‌ஷாப்பில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஏர் ஃபில்டரைத் திறந்து நனைந்திருக்கிறதா பாருங்கள். டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தால், பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. உடனே மாற்றுங்கள், அப்படியே ஓட்டினால் உள்ளே இருக்கும் கிரவுன் பல்சக்கரமும் பேரிங்கும் போய்விடும். கடலோர ஊர் என்றால் உப்பு போக அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

உதவிக்கு வண்டியோடு போக நினைப்பவர்கள், 1077க்கோ தாலுகா ஆபீஸுக்கோ சொல்லிவிட்டு, அவர்கள் காட்டுகிற ஊருக்குப் போங்கள். குறுகிய பாதையில் தனியார் வண்டிகள் வரிசையாக நின்று ஆம்புலன்ஸை மறித்துவிடக் கூடாது. எப்போதும் இரண்டு வண்டியாகப் போங்கள், ஒன்று மாட்டினால் மற்றொன்று இழுக்கலாம். சரக்கை ஏற்றுவதற்கு முன்னால் கதவோர ஸ்டிக்கரையும் எடைக் கணக்கையும் இன்னொரு முறை பாருங்கள். தண்ணீர் பாட்டில் பெட்டி ஒன்று, 1 லிட்டர் பாட்டில் 12 அடங்கியது, 12 கிலோவுக்கு மேல்.